கிராப்பி கரைக்கு வரும் வாரம்

எல்ம் ஃபோர்க், கென்டக்கி
மார்ச் 23, ஞாயிறு

அன்பு மகள் ஆட்ராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முகாமின் முகவரி அச்சிட்ட காகிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அதில் உன் கையெழுத்தில் இருந்தவை நான்கே சொற்கள்: "நன்றாக இருக்கிறேன். கவலை வேண்டாம்." அதற்கு மேல் எழுத உனக்கு நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கடற்படைக்குப் போகிறவர்களின் தொலைபேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது மே மாதம்வரை நமக்குக் கடிதம்தான். இருபத்து நான்கு வருடமாக வேதியியல் மாணவர்களின் பரிசோதனை அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருக்கும் கை இது. வறட்சியாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமைக் காற்றில் மேப்பிள் மரத்தின் வடக்குக் கிளை முறிந்து வேலிமேல் விழுந்தது. வேலி பிழைத்துக்கொண்டது. உன் காரை வாரம் ஒருமுறை தெருமுனைவரை ஓட்டிவிட்டு வருகிறேன். இருக்கைக்கு அடியில் மூன்று காப்பிக் குவளைகள் இருந்தன. ஒன்றில் ஏதோ வளர்ந்திருந்தது. அதற்குப் பெயர் வைக்காமல் கழுவிவிட்டேன். பூனை உன் கட்டிலில்தான் தூங்குகிறது.

பயிற்சி முடிந்து நடக்கும் அணிவகுப்பைப் பார்க்க நான்கு பேரின் பெயரை நீ எழுதிக் கொடுக்கலாம் என்றும், ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அந்தக் காகிதத்தில் இருக்கிறது. முதல் வரியில் என் பெயரை எழுது. இரண்டாவது வரியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ராய்ஸ் என்னைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நீ கிளம்பிய மறு வாரம் கேட்டார். உன் அணிவகுப்புக்கு முன் பதில் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு வேலிமேல் கிடந்த கிளையை அறுக்கப் போய்விட்டார்.

அவரைப் பற்றி உனக்குத் தெரிந்தது குறைவு. ஜனவரியில் பனி உறைந்து மின்கம்பிகள் அறுந்தபோது நம் தெருக் கம்பத்தில் ஏறியவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. நம் வீட்டில் நான்கு முறை சாப்பிட்டிருக்கிறார். இவற்றோடு நான்காவதாக ஒன்றும் உனக்குத் தெரியும்; அதுதான் பிரச்சினை. பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை, நம் சமையலறைத் தொட்டியில் அவர் பிடித்த பதினெட்டு கிராப்பி மீன்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் என் விரித்த கை அளவு. அவரைப் போலவே ஏரியில் மீன்பிடிக்கும் ஹூபர்ட் கிழவர் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ராய்ஸ் தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை வைத்துக்கொண்டு சொன்னது உனக்கும் கேட்டது: "நானா? நான் எங்கப்பா போனேன். இடுப்பு புடிச்சிக்கிட்டு வீட்ல படுத்துக் கெடக்கேன். மீனா? இந்தக் குளிர்ல எந்தக் கிறுக்கு மீன்பா கடிக்கும்?" சொல்லிக்கொண்டே பன்னிரண்டாவது மீனைக் கீறினார். கத்தியும் தடுமாறவில்லை, குரலும் தடுமாறவில்லை.

அவர் போனதும் நீ கேட்டாய்: "அம்மா, மறுபடியும் ஒரு பொய்யனா?"

 நீ கேட்டதையே நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா நாஷ்வில்லில் கூட்டம் என்று சொல்லிப் போன வெள்ளிக்கிழமைகள் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் சொன்ன காரணங்கள் மறந்துவிட்டன. அந்தக் குரலின் சீர் மறக்கவில்லை. ராய்ஸின் குரலும் அதே அளவு சீராக இருந்தது.

ஆகவே எந்த முடிவுக்கும் வரும் முன் சான்று சேர்க்க அன்றே தீர்மானித்தேன். அவரோடு ஏரிக்குப் போகிறேன். நீயும் நானும் இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் அணைக்கட்டைப் பாலத்திலிருந்து பார்த்ததோடு சரி. இப்போது என் பெயரில் மீன்பிடி உரிமச் சீட்டு இருக்கிறது. சிரிக்காதே.

சீட்டு வாங்கியது ட்விலாவின் தூண்டில் கடையில். உயிருள்ள மீன்குஞ்சு, புழு, காப்பி, சாஸேஜ் இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டி எல்லாம் ஒரே மேஜையில் விற்கிறாள். ஒரே கையால் எடுத்தும் கொடுக்கிறாள். நான் காப்பி மட்டும் குடித்தேன். காலையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் அங்கே நின்றுகொண்டு ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள். "எங்க புடிச்ச?" என்று கேட்டால் "வாயிலதான்" என்பது வழக்கமான பதில். மரியாதை தெரிந்தவர்கள் ஏதாவது ஓர் இடத்தின் பெயரைச் சொல்வார்கள். அது நிச்சயம் அவர்கள் போன இடமாக இருக்காது. "நாலே நாலு, அதுவும் பொடிசு" என்றால் படகுப் பெட்டி நிறைந்திருக்கிறது என்று பொருள். "ஒண்ணுமே இல்லப்பா" என்றால் மறுநாள் ஐந்து பேர் அவன் படகின் பின்னாலேயே போகிறார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டேன்: யார் எந்த இடத்தைச் சொன்னார், படகு உண்மையில் எந்தத் துறையிலிருந்து வந்தது என்று. முப்பத்தொரு கூற்றுகள். ஒன்றுகூட உண்மையில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான முடிவு தந்த பரிசோதனை வேறில்லை.

மீனைப் பற்றி ராய்ஸ் என்னிடம் சொல்வதை மட்டும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கிச் சரிபார்க்கிறேன். இன்று தண்ணீர் ஐம்பத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட். இந்தக் குளிரில் கிராப்பி பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் பதினைந்து அடி ஆழத்தில் கூட்டமாக நிற்குமாம். ஐம்பத்தைந்து தாண்டினால் ஓடைகளின் வாய்க்கு நகரும். அறுபது தாண்டி ரெட்பட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்போது முட்டையிடக் கரைக்கு வரும். முழங்கால் ஆழத்துக்குக்கூட வருமாம். அது பத்து நாள், மிஞ்சினால் பதினைந்து நாள். பிறகு மறுபடி ஆழத்துக்குப் போய்விடும். இதுவரை அவர் சொன்னது எதுவும் தப்பவில்லை. இதையும் அட்டவணையில் குறித்திருக்கிறேன்.

உன் கருத்தை எழுது. காலுறையை ஈரத்தோடு போடாதே. மூன்று வேளையும் தட்டில் எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடு. நீ எங்கே படுத்தாலும் நல்ல தூக்கம் வரட்டும்.

எப்போதும் உன் நினைவோடு,
அம்மா


ஏப்ரல் 8, செவ்வாய்

என் அன்பு ஆட்ரா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இந்த முறை ஒன்பது வரி. எண்ணினேன். நீச்சல் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியதை உன் ஆசிரியர்கள் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. கடைசி வரி, "அம்மா, அந்த ஆள் விஷயத்தில் நன்றாக யோசி." யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது நடந்திருப்பதைக் கேள்.

சென்ற வியாழக்கிழமை கல்லூரி முடிந்து வந்தபோது ராய்ஸ் படகை வண்டியில் கோத்துக்கொண்டு வாசலில் நின்றார். "கைபேசிய வீட்லயே வச்சிட்டு வா" என்றார். ஏன் என்றேன். "அதுல வரைபடம் இருக்கு. நாம எங்க போனோம்னு அது ஞாபகம் வச்சிக்கும்" என்றார். அவருடைய படகில் ஆழம் காட்டும் திரைகூட இல்லை. கேட்டால், "மெஷின்ல குறிச்சு வச்சா மெஷினத் திருடுவான். தலைக்குள்ள இருக்கறத எவன் திருடுவான்?" என்கிறார்.

அவர் என்னைக் கூட்டிப்போன இடத்தை உனக்கும் எழுதப் போவதில்லை. காரணம் கீழே வரும். ஒரு குடாவின் வடமேற்கு மூலை என்று மட்டும் சொல்கிறேன். காலையிலிருந்து வெயில் அங்கேயே விழுகிறது. பின்னால் இருக்கும் குன்று வாடைக்காற்றைத் தடுக்கிறது. குடாவின் வாயில் ஐம்பத்தெட்டு டிகிரி இருந்த தண்ணீர் அந்த மூலையில் அறுபத்திரண்டு. நானே அளந்தேன். அங்கே தண்ணீருக்கு அடியில் ராய்ஸின் குச்சிப் படுகை இருக்கிறது. குளிர்காலத்தில் அணையில் தண்ணீரை ஐந்தடி இறக்குவார்கள் இல்லையா, அப்போது சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றில் மண்டியிட்டு, அவருடைய அப்பாவின் கொட்டகையில் புகையிலை காயப்போட்ட ஓக் குச்சிகளை நூற்றிருபது எண்ணம் சுத்தியால் அடித்து நட்டிருக்கிறார். வசந்தத்தில் தண்ணீர் ஏறி மூடிவிடும். குச்சியில் பாசி பிடிக்கும், பாசிக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனுக்கும் முட்டையிடும் மறைவுக்கும் கிராப்பி வரும். மேலே பார்த்தால் வெறும் தண்ணீர். கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒரு நேர்க்கோட்டில் வைத்து, வேறு இரண்டை இன்னொரு கோட்டில் வைத்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் படகு நிற்க வேண்டும்.

திருமணம் கேட்டபோது அவர் தொண்டையைக்கூடச் செருமவில்லை. இங்கே இயந்திரத்தை அணைத்ததும் தொப்பியை இரண்டு முறை கழற்றி மாட்டினார். "இத நான் யாருக்கும் காட்டினதில்ல லெனோர். எம் பொண்டாட்டிக்கும் காட்டல. அவ கேக்கல. மீன் வாடையே அவளுக்கு ஆகாது" என்றார்.

மீன்குஞ்சைக் கொக்கியில் மாட்டி, தக்கையை இரண்டரை அடிக்கு மேலே கட்டி, குச்சிகளுக்கு நடுவே விட வேண்டும். மீன் எடுத்தால் தக்கை முங்காது. யாரோ கூப்பிட்டது போல மெதுவாகப் பக்கவாட்டில் நடக்கும். வேகமாக இழுத்தால் போச்சு. கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். முதல் மூன்றைக் கிழித்தேன். பிறகு ஒன்பது பிடித்தேன். அவர் எட்டு. ஒன்பதாவது வந்தபோது நான் சத்தம் போட்டதாக அவர் சொல்கிறார். அதற்கு வேறு சாட்சி இல்லை. ஆட்ரா, பல வருடங்களாக நான் அவ்வளவு சந்தோஷமாக ஒரு மாலையைக் கழித்ததில்லை. இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

இனி சனிக்கிழமை. இரவு மழையில் கம்பிகள் அறுந்து ராய்ஸ் விடிவதற்குள் வேலைக்குப் போய்விட்டார். மாலையில் முடிந்தால் போகலாம், மீன்குஞ்சு மட்டும் வாங்கி வை என்று சொல்லியிருந்தார். ட்விலாவுக்குக் கொடுக்க வியாழக்கிழமை பிடித்த மீனில் நான்கைப் பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்துப் போனேன். என்னுடைய புத்திசாலித்தனம் அங்கே ஆரம்பித்தது. ஹூபர்ட் மூடியைத் திறந்து பார்த்து விசிலடித்தார். ஓய்வு பெறும்வரை சரக்குப் படகுகளை இழுக்கும் ஆற்றுக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். எழுபத்தெட்டு வயது, அடுத்தவர் பெட்டியைத் திறக்காமல் இருக்க முடியாதவர்.

"ப்ரொபசரம்மா! யம்மாடி, இது மீனா முறமா! எங்க புடிச்சீங்க?"

நான் சொன்னேன்.

குடாவின் பெயரைச் சொன்னேன். மூலையைச் சொன்னேன். நான்கடி ஆழம், புகையிலைக் குச்சி, எந்தக் கோபுரத்தை எந்த மரத்துக்கு நேராக வைக்க வேண்டும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இருபத்து நான்கு வருடமாக யாராவது கேள்வி கேட்டால் முழுப் பதில் சொல்லிப் பழகிய வாய்.  ட்விலா மீன்குஞ்சு அள்ளும் வலையைத் தொட்டிக்கு மேலே பிடித்தபடி நின்றாள், தண்ணீர் சொட்டியது. யாரோ பின்னால், "கர்த்தரே" என்றார். நான் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். முதல் திருப்பம் வரும்வரை, எவ்வளவு தெளிவாக விளக்கினேன் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு வந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். திருப்பத்தில் புரிந்தது. காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் ராய்ஸ் நனைந்து போய் வந்தார். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"எல்லாத்தையுமா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"கோபுரத்தையுமா?"

அதையும்தான் என்றேன். "சரி" என்றார். தேநீரைக் குடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், போய்விட்டார். இன்றோடு மூன்று நாள். வரவில்லை, கூப்பிடவில்லை. மின்கம்பி வேலை இன்னும் முடியவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அவரை நம்பலாமா என்று நான் இரண்டு மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் தன்னிடம் இருந்ததில் பெரியதை என் கையில் கொடுத்தார். இரண்டே நாளில் அதைப் பன்னிரண்டு பேருக்கு விளம்பிவிட்டேன். உண்மை சொன்னதற்காக ஒருவர் முன்னால் தலைகுனிந்து நின்றது இதுவே முதல் தடவை. இப்போது யோசிக்க வேண்டியவர் நான் இல்லை, அவர். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் உன் பட்டியலில் ஒரே பெயர் போதும். அந்தச் செய்தி உனக்கு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு இருக்காது என்பதை இந்த மூன்று நாளில் கண்டுகொண்டேன்.

மேப்பிள் துளிர்த்துவிட்டது. உன் துப்பாக்கிப் பயிற்சி நல்லபடி முடியட்டும். காதில் அடைப்பான் வைக்காமல் நிற்காதே.

அம்மா


ஏப்ரல் 13, ஞாயிறு

என் அருமை ஆட்ராவுக்கு,

சென்ற கடிதம் உன்னைக் கலவரப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு. அதை அஞ்சலில் போட்ட மறுநாளே ராய்ஸ் வந்துவிட்டார்.

புதன்கிழமை ஐந்து மணி. படகு வண்டியில் கோத்திருந்தது. "வா, ஒண்ணு காட்டணும்" என்றார். முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். "இரு இரு" என்றார். படகை இறக்கி, நேராகத் தன் குடாவுக்குப் போகாமல் ஏரியின் கிழக்குக் கரை ஓரமாக ஓட்டினார். அங்கே ஒரு குடா முழுக்கப் படகுகள். பதினான்கு எண்ணினேன். ஹூபர்ட் ஒன்றில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டார். யாருடைய தூண்டிலும் அசையவில்லை. அது காலை முழுக்க நிழல் விழும் கரை. வாடைக்காற்று நேராக அடிக்கும். வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். ஐம்பத்தாறு. அந்தக் குளிரில் முட்டையிட எந்த மீனும் வராது.

பிறகு நம் மூலைக்குப் போனோம். ஒரு படகுகூட இல்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றது. ராய்ஸ் இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். படகு ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ட்விலா சொன்னதை எனக்குச் சொன்னார்.

நான் கடையை விட்டுப் போனதும் ஹூபர்ட் மேஜையில் கையைத் தட்டிப் பேசினாராம்: "டேய், அந்தம்மா படிச்சவங்க. படிச்சவங்க பொய் சொன்னா இப்படித்தான், ஒரு ஓட்டை ஒடசல் இருக்காது. கோபுரமாம், மரமாம், நாலடியாம்! ராய்ஸ் ஒரு வாரம் உக்கார வச்சு மனப்பாடம் பண்ண வச்சிருக்கான். நம்மள மேற்குக்கு அனுப்பப் பாக்கறான்னா, மீன் கெழக்குல இருக்குன்னு அர்த்தம்." பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஏரிப் படத்தை விரித்து, நான் சொன்ன மூலைக்கு நேர் எதிரே எது வருகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார்களாம். ஞாயிறு காலையிலிருந்து அங்கே கிடக்கிறார்கள். ஒருவனுக்கும் மீன் இல்லை. கடைக்குத் திரும்பி வந்து, "ஒண்ணுமே இல்லப்பா" என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள். ஒன்றுமே இல்லை என்கிறானே என்று மறுநாள் இன்னும் இரண்டு படகு சேருகிறது.

"முப்பது வருஷமா இந்த எடத்த மறைக்க நான் சொல்லாத பொய் இல்ல. ஒரு பயலும் இவ்வளவு தூரம் போனதில்ல. நீ ஒரே ஒரு உண்ம சொன்ன, ஊரே எதிர்க்கரைல!" என்றார் ராய்ஸ்.

நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, ஆனால் ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. மூன்று நாள் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கோபமா என்றேன்.

அவர் கொக்கியில் ஒரு மீன்குஞ்சை மாட்டித் தண்ணீரில் விட்டார். "கோவம் சனிக்கெழம ராத்திரியே போயிருச்சு. குச்சி இன்னும் கொட்டகைல கெடக்கு, அடுத்த குளிர்ல வேற எடத்துல அடிச்சிக்கலாம். அது இல்ல. கம்பத்து மேல நிக்கும்போது யோசன வந்துச்சு. இவளுக்குப் பொய்யே வராது. கட்டிக்கறியான்னு இவகிட்ட கேட்டு வச்சிருக்கேன். வேணாம்னு சொன்னா அது நெஜமாவே வேணாம்தான். சும்மா சொல்றான்னு என்னைய நானே ஏமாத்திக்கக்கூட முடியாது. அதான் பயந்துட்டேன். போன எடுப்பேன், வச்சிருவேன்" என்றார்.

உன் அப்பாவோடு பதினோரு வருடம் வாழ்ந்தேன். பயந்தேன் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை.

அட்டவணையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களுக்குப் போட்டது போல ராய்ஸுக்கும் தனியாக ஒன்று வைத்திருந்தேன். ஜனவரியிலிருந்து அவர் என் காதுபடச் சொன்னவற்றில் சரிபார்க்க முடிந்தவை மட்டும். மீன் எங்கே, எவ்வளவு என்று மற்றவர்களிடம் சொன்னவை இருபத்திரண்டு. இருபத்திரண்டும் பொய். என்னிடம் சொன்னவை நாற்பத்தேழு. எத்தனை மணிக்கு வருவேன், எங்கே இருந்தேன், யாரோடு பேசினேன், என்ன சாப்பிடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார், தண்ணீர் என்றைக்கு அறுபதைத் தொடும். நாற்பத்தேழும் உண்மை. கல்லூரியில் இதைவிடக் குறைந்த சான்றுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், பொய்யர்தான். இந்த மாவட்டத்திலேயே தேர்ந்த ஐந்தாறு பேரில் ஒருவர். ஆனால் ஹூபர்ட் அந்தப் பிப்ரவரி மாலை தொலைபேசியை வைத்த கையோடு என்ன சொன்னார் தெரியுமா? அவரையே கேட்டேன். "ராய்ஸ் செமத்தியா புடிச்சிருக்கான்" என்று மனைவியிடம் சொன்னாராம். அங்கே யாரும் ஏமாறவில்லை. நான் ஏமாந்த வெள்ளிக்கிழமைகள் வேறு ஜாதி.

ஆகவே அந்தப் படகிலேயே சரி என்றேன்.

"எதுக்கு சரி?" என்றார்.

மார்ச்சில் கேட்டதற்கு என்றேன். அவருடைய தக்கை அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது. அவர் முதலில் மீனைத்தான் எடுத்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு அங்குலம் இருந்தது. அதைப் பெட்டியில் போட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அப்புறம் என் கையைப் பிடித்தார். மீன் வாடை இன்னும் போகவில்லை. நான் அவசரப்பட்டுக் கழுவவும் இல்லை.

நேற்று இருவரும் சேர்ந்து முப்பத்தெட்டு பிடித்தோம். ஆளுக்கு இருபது என்ற வரம்புக்கு இரண்டு குறைவு. தண்ணீர் அறுபத்தாறு. இன்னும் ஒரு வாரம் கரையில் இருக்கும் என்கிறார். மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, வெள்ளை பீன்ஸும் முட்டைக்கோஸும் வைத்து, தேவாலய விருந்துக்குக் கொண்டுபோனோம். ஹூபர்ட் ஐந்து துண்டு சாப்பிட்டார். "எங்க புடிச்சீங்க ப்ரொபசரம்மா?" என்று மறுபடி கேட்டார். நான் மறுபடி அதே இடத்தைச் சொன்னேன். "விடவே மாட்டாங்களே!" என்று மெச்சிக்கொண்டு போனார்.

இனி உன் பட்டியல். நீ இப்போது பெரியவள், நானும் அப்படித்தான். அதனால் திருமணத்துக்கு உன் அனுமதியைக் கேட்கவில்லை. ராய்ஸின் பெயரை எழுது என்று சொல்லவும் மாட்டேன். எழுத மனம் வராவிட்டால் எழுதாதே. எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. இதை அவரிடமும் சொன்னேன். அவர் உடனே சொன்னது: "ஏழு மணி நேரம் நீ தனியா ஓட்ட வேணாம், நான் ஓட்டறேன். உள்ள விடலேன்னா வண்டியிலயே ஒக்காந்திருக்கேன். பொண்ணு எப்பிடி நடந்தான்னு நீ வந்து சொல்லு. நீ சொன்னா நெஜமா இருக்கும்."

அவர் முழுப்பெயர் ராய்ஸ் ஆல்டன் டில்மன். படிவத்தில் நடுப்பெயரும் கேட்பார்களாம்.

கடைசியாக ஒன்று, மகளே. உன் இரண்டு கடிதத்திலும் நன்றாக இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறாய். சத்தம் போட்டு எழுப்புகிறார்களாம், முடியை வெட்டிவிட்டார்களாம், வாரத்துக்கு ஒரு பெண் அழுதுகொண்டு வீடு திரும்புகிறாளாம். ட்விலாவின் அண்ணன் மகன் போய் வந்தவன், அவன் சொன்னான். என்னைக் கவலைப்பட விடக் கூடாது என்று நீ எழுதுகிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. அதற்காகக் கோபமில்லை. அடுத்த கடிதத்தில் ஒரே ஒரு வரியாவது உள்ளதை எழுது. அழுதிருந்தால் அழுதேன் என்று எழுது. நான் தாங்கிக்கொள்வேன். யாரிடமும் சொல்ல மாட்டேன், சொன்னாலும் இந்த ஊரில் என்னை நம்ப ஆளில்லை.

உன் கால்கள் வலுவாக நிற்கட்டும். நீ போகிற கடல் எதுவாக இருந்தாலும் உன்னைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

உன்னைப் பார்க்கும் நாளை எண்ணிக்கொண்டு,
அம்மா